மோதிய வாகனத்துக்குக் காப்புறுதி இல்லையென்றால்...

யுத்தத்தினால் பாதிக்கப்பட்ட பெண்களின் தேவைகளைப் பற்றிப் பேசும்போது காணி, வீடு, காணாமற்போனோர், வாழ்வாதாரம் என்பவற்றையே நாம் முதலிற் குறிப்பிடுகின்றோம். வீதி விபத்து அந்தப் பட்டியலில் இடம்பெறுவது குறைவு. ஆயினும் கிருலப்பனையிலும் அதனை அண்டிய வெள்ளவத்தை, பாமன்கடைப் பகுதிகளிலும் வாடகை அறைகளில் வசிக்கும் எமது பெண்களோடு வேலைசெய்யும் ஒரு சமூகப் பணியாளர் என்ற வகையில், வீதி விபத்து ஒரு குடும்பத்தை மறுபடியும் இடம்பெயர்ந்த நாட்களின் நிலைக்கே தள்ளிவிடுவதை நான் கண்டிருக்கின்றேன். ஷெல்லுக்குத் தப்பி, முகாமுக்குத் தப்பி, பிள்ளைகளைப் படிப்பிப்பதற்காகக் கொழும்புக்கு வந்தவர்கள் ஹைலெவல் வீதியிலும் பேஸ்லைன் வீதியிலும் விழுந்து போகின்றார்கள்.

இலங்கையில் ஆண்டுதோறும் 2000க்கும் அதிகமானோர் வீதி விபத்துக்களில் உயிரிழக்கின்றனர். காயமடைவோர் தொகை இதனைவிடப் பல மடங்கு அதிகம். இவர்களில் பெருந்தொகையானோர் கார்களில் பயணம் செய்தவர்கள் அல்லர். நடந்து சென்றவர்களும், மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் சென்றவர்களுமே. அதாவது, எம்மைப் போன்றவர்கள்.

விபத்து நடந்ததும் நாம் கேட்கும் முதற் கேள்வி "உயிருக்கு ஆபத்தில்லையே?" என்பது. அது சரியானதே. ஆனால் இரண்டாவது கேள்வியைக் கேட்பதற்கு எம்மில் பலர் தவறிவிடுகின்றோம். "மோதிய வாகனத்துக்குக் காப்புறுதி இருக்கிறதா?" என்பதே அந்தக் கேள்வி. இல்லை என்ற பதில் வந்தவுடன், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீடு திரும்பிவிடுகின்றோம். அவ்வாறு திரும்பவேண்டிய அவசியமில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்படி, வீதியில் ஓடும் மோட்டார் வாகனத்துக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி இருத்தல் வேண்டும். மூன்றாந் தரப்பு என்பது வேறு யாருமல்ல, நாம்தான். வாகனச் சொந்தக்காரர் முதலாந் தரப்பு, காப்புறுதிக் கம்பனி இரண்டாந் தரப்பு, வாகனத்தினால் பாதிக்கப்படும் வழிப்போக்கர் மூன்றாந் தரப்பு. சொந்தக்காரரின் வாகனத்தைப் பழுதுபார்ப்பதற்கான காப்புறுதி வேறு. அது அவருடைய விருப்பம். எமக்கு ஏற்படும் காயத்துக்கான காப்புறுதியோ கட்டாயம்.

ஒவ்வொரு ஆண்டும் வாகன வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது காப்புறுதிச் சான்றிதழைக் காட்டவேண்டும். ஆகவே, அனுமதிப்பத்திரம் காலாவதியான வாகனத்தைக் கண்டால் அதற்குக் காப்புறுதியும் இல்லாதிருக்கக்கூடும் என்று எண்ணலாம். பழைய மோட்டார் சைக்கிள்கள், கைமாறிக் கைமாறி "ஓப்பன் பேப்பரில்" விற்கப்பட்ட முச்சக்கர வண்டிகள் என்பனவற்றில் இது அடிக்கடி நிகழ்கின்றது. மாறாக, லீசிங்கில் எடுத்த வாகனமாயின் காப்புறுதி இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். ஏனெனில் கடன் கொடுத்த கம்பனி அதனைக் கட்டாயப்படுத்தும்.

"இன்சூரன்ஸ் இல்லை" என்ற சொல்லை உடனே நம்பாதீர்கள்

காப்புறுதி இல்லை என்று சாரதி சொல்வதெல்லாம் உண்மையல்ல. காப்புறுதிக்கு முறைப்பாடு போனால் அடுத்த வருடம் கட்டுப்பணம் கூடிவிடும், சலுகை போய்விடும் என்ற பயத்தில் சிலர் அப்படிச் சொல்வதுண்டு. வாகனம் வேறொருவருடையது என்பதை மறைப்பதற்காகச் சொல்வோரும் உண்டு.

எனவே வாகனத்தின் இலக்கத்தை முதலிற் குறித்துக்கொள்ளுங்கள். கார், வான், முச்சக்கர வண்டி ஆகியவற்றின் முன்கண்ணாடியில் வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதி அட்டையும் ஒட்டப்பட்டிருக்கும். கைத்தொலைபேசி இருந்தால் அவ்விரண்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களால் முடியாவிட்டால் அருகில் நிற்பவரிடம் கேளுங்கள். இலக்கம் கையில் இருந்தால் பதிவுசெய்யப்பட்ட சொந்தக்காரரின் விபரத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் செலுத்திப் பெறலாம். கிருலப்பனையில் இருப்பவர்களுக்கு நாரஹேன்பிட்டியில் உள்ள திணைக்களம் தூரமுமல்ல.

காப்புறுதி இருப்பது தெரியவந்தால் ஒரு முக்கியமான விதியை நினைவில் வைத்திருங்கள். நீங்கள் சாரதிக்கு எதிராக வழக்குப் போட்டு வென்றாலும், வழக்குத் தாக்கல் செய்வதற்கு முன்னரோ அல்லது தாக்கல் செய்து 7 நாட்களுக்குள்ளோ காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் கொடுத்திருந்தால்தான் கம்பனி அந்தப் பணத்தைத் தரக் கடமைப்பட்டது. இந்தச் சிறிய அறிவித்தலை மறந்ததனால் வென்ற தீர்ப்பும் வெறுங் கடதாசியாகப் போகலாம். உங்கள் சட்டத்தரணியிடம் இதனைக் கட்டாயம் கேளுங்கள்.

உண்மையிலேயே காப்புறுதி இல்லையென்றால்

இப்போது முக்கிய விடயத்துக்கு வருவோம். காப்புறுதி இல்லை என்பது உறுதியாகிவிட்டது, அல்லது மோதிய வாகனம் நிற்காமலே ஓடிவிட்டது. அப்போது உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு.

1. வீதிப் பாதுகாப்பு நிதியம்

1998ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்து (திருத்த)ச் சட்டத்தின் மூலம் வீதிப் பாதுகாப்பு தொடர்பான தேசிய சபை அமைக்கப்பட்டது. இதனுடன் ஒரு வீதிப் பாதுகாப்பு நிதியமும் உண்டு. காப்புறுதிக் கம்பனிகள் தாம் அறவிடும் மூன்றாந் தரப்புக் கட்டுப்பணத்தில் 1 சதவீதத்தை இந்நிதியத்துக்குச் செலுத்துகின்றன. அதாவது, ஒழுங்காகக் காப்புறுதி செய்பவர்கள் செலுத்தும் பணத்தில் ஒரு சிறு பங்கு, காப்புறுதி செய்யாதவர்களாலும் தப்பி ஓடுபவர்களாலும் பாதிக்கப்படுவோருக்காக ஒதுக்கப்படுகின்றது.

உயிரிழந்தவரின் குடும்பத்தினரும் கடுமையாகக் காயமடைந்தவரும் இச்சபைக்கு விண்ணப்பிக்கலாம். பொலிஸ் அறிக்கை, வைத்திய அறிக்கை அல்லது மரணச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், வங்கிப் புத்தகப் பிரதி என்பவற்றைத் தயாராக வைத்திருங்கள். தொகை காலத்துக்குக் காலம் மாற்றப்படுவதனால், பக்கத்து வீட்டவருக்கு எப்போதோ கிடைத்த தொகையை நம்பியிராது சபையிடமே நேரில் கேட்டறியுங்கள். போக்குவரத்து அமைச்சின் கீழ் இச்சபை இயங்குகின்றது. அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்திலும் வழி கேட்கலாம்.

இப்படி ஒரு நிதியம் இருப்பதே எம்மிடம் வரும் பெண்களில் அநேகருக்குத் தெரியாது. பொலிஸில் முறைப்பாடு பதியப்படாவிட்டால் இவ்வழி தொடக்கத்திலேயே அடைபட்டுவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது.

2. சாரதிக்கும் சொந்தக்காரருக்கும் எதிரான வழக்கு

காப்புறுதி இல்லை என்பதனால் சாரதியின் பொறுப்பு இல்லாமற் போவதில்லை. கவனயீனத்தினால் காயம் ஏற்படுத்தியவர் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்பது எமது நாட்டிலுள்ள உரோம-டச்சுச் சட்டத்தின் கோட்பாடு. கம்பனி இல்லையென்றால் அவர் தமது கையிலிருந்து கொடுக்கவேண்டும். சாரதி வேறொருவரின் வேலையாளாக, அவருடைய வேலையாகச் சென்றபோது விபத்து நடந்திருந்தால், வேலை கொடுத்தவரும் பொறுப்பாளி. சாரதியிடம் ஒன்றுமில்லாதபோது இதுவே கைகொடுக்கும்.

இந்தியாவில் இத்தகைய கோரிக்கைகளுக்கென்றே மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயங்கள் உள்ளன. எமக்கு அவ்வாறான தனி மன்றம் இல்லை. மாவட்ட நீதிமன்றத்துக்கே செல்லவேண்டும். கொழும்பில் அது புதுக்கடை. வழக்கு வருடக்கணக்கில் செல்லக்கூடும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் ஒன்று சென்றதுமே பேச்சுக்கு வருவோரும் உண்டு.

3. வேலைக்குச் செல்லும் வழியில் நடந்ததா?

தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்தே இருக்கின்றது. 2022ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பின்னர், வேலைக்குச் செல்லும்போதும் வேலை முடிந்து திரும்பும்போதும் ஏற்படும் விபத்துக்களும் இதனுள் அடங்குகின்றன. ஆடைத் தொழிற்சாலை, கடை, ஹோட்டல் போன்ற இடங்களில் சம்பளத்துக்கு வேலைசெய்யும் பெண்கள் 138 பஸ்ஸால் இறங்கி வீதியைக் கடக்கும்போது மோதப்பட்டாலும், மோதிய வாகனத்துக்குக் காப்புறுதி இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு அப்பால் இவ்வழியை ஆராயலாம். தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் அலுவலகத்தில் இதற்கு விண்ணப்பிக்கவேண்டும். வேலைசெய்ததற்கான அத்தாட்சி, சம்பளச் சீட்டு, ஈ.பி.எப். இலக்கம் என்பன உதவும்.

"அவரில எப்பிடிப் பிள்ளை கேஸ் போடுறது?"

முல்லைத்தீவுப் பக்கத்தைச் சேர்ந்த ஓர் அக்காவின் கதையை, அவரின் சம்மதத்துடனும் அடையாளங்களைத் தவிர்த்தும், இங்கு கூறுகின்றேன். 2009இல் கணவரை இழந்தவர். மகளின் படிப்புக்காகக் கிருலப்பனையில் ஓர் அறை எடுத்திருந்தார். விடியற்காலையில் இடியப்பம் அவித்து வெள்ளவத்தையிலுள்ள சில வீடுகளுக்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் கொடுப்பது அவரின் தொழில். ஒரு நாள் பேஸ்லைன் வீதியில் மோட்டார் சைக்கிளொன்று மோதிக் கால் எலும்பு முறிந்தது. ஓட்டிவந்த இளைஞனே முச்சக்கர வண்டி பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றான். மறுநாள் உறவினர் ஒருவருடன் வந்து 10,000 ரூபா கொடுத்து, சிங்களத்தில் எழுதிய ஒரு கடதாசியில் கையொப்பம் வாங்கிச் சென்றான். மோட்டார் சைக்கிளுக்குக் காப்புறுதி இருக்கவில்லை.

காலுக்குக் கம்பி வைத்து, மூன்று மாதம் அடுப்படிக்குப் போகமுடியாமல், அறை வாடகை நிலுவையாகி, மகளின் ரியூசன் நின்றபின்னரே அவரை நான் சந்தித்தேன். வழக்குப் பற்றிப் பேசியபோது அவர் சொன்னது இது:

"அந்தத் தம்பி நல்ல பெடியன், பிள்ளை. விட்டிட்டு ஓடியிருக்கலாம். ஓடேல்லை. அவரில எப்பிடிப் பிள்ளை நான் கேஸ் போடுறது? அவற்ற தாயும் என்னைப் போல ஒருத்திதானே."

இதற்கு உடனே பதில் சொல்லிவிட முடியாது. ஒருவருடைய பிள்ளையைப் பொலிஸிலும் நீதிமன்றத்திலும் நிறுத்துவது என்றால் என்ன என்பது எமது பெண்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் நட்டஈடு வேறு, தண்டனை வேறு. கவனயீனமாக வாகனம் செலுத்தியதற்கு நீதவான் நீதிமன்றத்தில் விதிக்கப்படும் தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகின்றது. அதில் உங்களுக்குப் பங்கில்லை. நட்டஈடு என்பது உடைந்த காலுக்கும் நின்றுபோன அடுப்புக்கும் உரிய கணக்கு. அந்தக் கணக்கை யாரோ ஒருவர் செலுத்தத்தான் போகின்றார். மோதியவர் செலுத்தாவிட்டால் உங்கள் மகள் தனது படிப்பினால் செலுத்துகின்றாள். இதைத்தான் நான் அக்காவிடம் சொன்னேன். அவர் இரண்டு நாள் யோசித்தபின்னர் சம்மதித்தார்.

இலவச சட்ட உதவியில் கிடைத்த சட்டத்தரணி, மோட்டார் சைக்கிள் அந்த இளைஞனின் மாமனாருடைய பெயரில் இருப்பதையும், அவருடைய கடைக்குச் சாமான் ஏற்றிச் செல்லும்போதே விபத்து நடந்ததையும் கண்டறிந்தார். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட கடதாசி வழக்கை முற்றாக மூடிவிடாது என்று அவர் விளக்கினார். ஆனால் எதிர்த்தரப்பு அதனையே பெரிய தடையாகப் பயன்படுத்தியது. இறுதியில் மாதம் 15,000 ரூபா வீதம் 3 இலட்சம் ரூபா செலுத்துவதாக நீதிமன்றத்தில் இணக்கம் எட்டப்பட்டது. நீதிமன்றத்தில் பதியப்பட்ட இணக்கம் என்பதனால், தவணை தவறினால் மீண்டும் புதிதாக வழக்குப் போடவேண்டியதில்லை. முழு நட்டம் இதனால் ஈடாகவில்லை. ஆயினும் வாடகை நிலுவை தீர்ந்தது, இடியப்பத் தட்டுகள் மீண்டும் அடுப்பில் ஏறின.

இரண்டு வருடம் என்னும் எல்லை

காயத்துக்கான நட்டஈட்டு வழக்கை 2 வருடங்களுக்குள் தாக்கல் செய்யவேண்டும் என்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க காலவரையறைக் கட்டளைச் சட்டத்தின் விதி. "கொஞ்சம் சுகம் வரட்டும்", "மகளின் சோதினை முடியட்டும்" என்று தள்ளிப்போடும்போது இந்த 2 வருடம் மிக இலகுவாக ஓடிவிடும். சாரதி தரப்பு "தாறம், தாறம்" என்று இழுத்தடிப்பதன் நோக்கமும் சிலவேளை இதுவாக இருக்கலாம்.

யுத்த காலத்தில் நீதிமன்றம் செல்லமுடியாதிருந்தவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் நிறைவேற்றப்பட்டதை வாசகிகள் அறிந்திருப்பீர்கள். அது காணி போன்ற அசையாச் சொத்துக்கள் பற்றியது. விபத்துக் காயங்களுக்கு அதனைப் பயன்படுத்த முடியாது. காயமடைந்தவர் சிறுபிள்ளையாயின் காலக் கணிப்பு வேறுபடும். ஆனாலும் சாட்சிகள் ஊர் மாறிச் செல்வதற்கு முன்னர் ஆரம்பிப்பதே நல்லது.

மோதியது அரசாங்க வாகனமாகவோ படையினரின் வாகனமாகவோ இருந்தால் பயந்து ஒதுங்கவேண்டியதில்லை. தனது ஊழியரின் கவனயீனத்துக்காக அரசுக்கு எதிராக வழக்குத் தொடர 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கின்றது. ஆனால் வழக்குத் தாக்கல் செய்வதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர் சட்டமா அதிபருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். அந்த ஒரு மாதத்தையும் சேர்த்தே 2 வருடத்தைக் கணக்கிடுங்கள்.

பொலிஸுக்குப் போகப் பயமா?

எமது பெண்களுக்குப் பொலிஸ் நிலையத்தின் படியேறுவது சாதாரண விடயமல்ல. பதிவுக்காகவும் விசாரணைக்காகவும் ஏறி இறங்கிய அனுபவம் பலருக்கு உண்டு. "காயமும் பட்டு, கேள்வியும் கேட்கப்படவேணுமே" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இந்தத் தயக்கத்தை நான் மதிக்கின்றேன். ஆயினும் விபத்து முறைப்பாடு இல்லாமல் நிதியமும் இல்லை, வழக்கும் கடினம். தனியே போகாமல் ஒரு துணையை அழைத்துச் செல்லுங்கள்.

வடக்கு, கிழக்குக்கு வெளியிலும் தமிழில் அரச அலுவலகங்களுடன் தொடர்பாடவும் பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை அளிக்கின்றது. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் கூறுங்கள். அது சிங்களத்தில் எழுதப்பட்டால், கையொப்பமிட முன்னர் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். "நான் திடீரென வீதியில் இறங்கினேன்" என்பதற்கும் "நான் கோட்டுக்கு அருகில் நின்றேன்" என்பதற்கும் இடையில் ஒரு முழு வழக்கே அடங்கியிருக்கின்றது. மொழி உரிமை மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவில் முறையிடலாம்.

மோதிவிட்டு ஓடிய வாகனமாயின், அருகிலுள்ள கடைகளின் கண்காணிப்புக் கமராப் பதிவுகளை உடனே பெறும்படி பொலிஸாரைக் கேளுங்கள். அந்தப் பதிவுகள் சில நாட்களில் தாமாகவே அழிந்துவிடக்கூடும்.

வைத்தியசாலையில் கவனிக்க வேண்டியவை

விபத்து நடந்ததும் 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம். தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைக்கோ களுபோவில வைத்தியசாலைக்கோ சென்றால், எவ்வாறு காயம் ஏற்பட்டது என்பதை ஒளிக்காமல் கூறுங்கள். சாரதியின் மேலுள்ள இரக்கத்தினால் "படியில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லும் பெண்களும் உண்டு. அனுமதிச் சீட்டில் அது எழுதப்பட்டுவிட்டால் பின்னர் மாற்றுவது கடினம். சட்ட வைத்திய அதிகாரி உங்களைப் பரிசோதிக்க வேண்டும். அதற்குரிய படிவத்தைப் பொலிஸார் வழங்குவர்.

யுத்தத்தில் ஏற்கெனவே காயமடைந்தவர்கள் இதில் விசேட கவனம் எடுக்கவேண்டும். உடலில் ஷெல் துண்டு இருப்பவர்கள், ஒரு கண் பார்வை இழந்தவர்கள், செயற்கைக் கால் அணிந்தவர்கள் விபத்தில் சிக்கினால், "இது பழைய காயம்தானே" என்று எதிர்த்தரப்பு வாதிடும். எந்தக் காயம் பழையது, எந்தக் காயம் புதியது, பழைய காயத்தை விபத்து எவ்வளவு மோசமாக்கியது என்பதை வைத்திய அறிக்கையில் பிரித்து எழுதும்படி கேளுங்கள். பழைய கிளினிக் கொப்பி இருந்தால் காட்டுங்கள். ஏற்கெனவே பலவீனமாக இருந்தவரை மோதியவர், அவர் பலவீனமானவர் என்று கூறித் தப்பமுடியாது. யுத்தக் காயத்துக்கான இழப்பீடு 2018ஆம் ஆண்டின் சட்டத்தினால் அமைக்கப்பட்ட இழப்பீட்டுக்கான அலுவலகத்துடன் தொடர்புடையது. வீதி விபத்துக்கான நட்டஈடு வேறு. ஒன்றைப் பெற்றதனால் மற்றையதைக் கேட்கமுடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சம்பளச் சீட்டு இல்லாத உழைப்பு

நட்டஈட்டில் வைத்தியச் செலவு, இழந்த வருமானம், இனி இழக்கப்போகும் வருமானம், பராமரிப்புச் செலவு, வலியும் வேதனையும், உருக்குலைவு என்பன கணக்கிடப்படும். எமது பெண்கள் தடுக்கி விழும் இடம் "இழந்த வருமானம்" என்பதுதான். "வேலை?" என்று கேட்டால், விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி நாற்பது பேருக்குச் சமைப்பவரும் "சும்மாதான் வீட்டில இருக்கிறன்" என்று சொல்கின்றார்! அந்த "சும்மா" என்ற சொல் உங்கள் வாக்குமூலத்தில் பதியப்பட்டால் உங்கள் உழைப்பின் பெறுமதி பூச்சியமாகிவிடும்.

சம்பளச் சீட்டு இல்லாவிட்டாலும் அத்தாட்சி இருக்கும். மா, சீனி வாங்கிய பற்றுச்சீட்டுகள், ஓடர் எழுதிய கொப்பி, தையல் அளவுப் புத்தகம், சாமான் எடுத்த கடைக்காரரின் கடிதம், வங்கிப் புத்தகம், சங்கத்தில் கடன் கட்டிய அட்டை, கிராம அலுவலரின் வருமானச் சான்று என எல்லாமே உதவும். விபத்துக்குப் பின்னர் சமைக்கவும் துவைக்கவும் பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிச்செல்லவும் ஆள் வைத்திருந்தால் அந்தச் செலவையும் எழுதிவையுங்கள். முச்சக்கர வண்டிக் கூலி உட்பட ஒவ்வொரு செலவையும் திகதியுடன் ஒரு கொப்பியில் குறியுங்கள்.

"நீங்களும் பிழைதானே" என்ற பேச்சுக்கும் அஞ்சவேண்டாம். பாதிக்கப்பட்டவரிடமும் ஓரளவு கவனயீனம் இருந்தால், அந்த அளவுக்கு நட்டஈடு குறையுமே தவிர, முழுவதும் இல்லாமற் போகாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இதனைக் கூறுகின்றது.

உயிரிழப்பு நேர்ந்தால்

குடும்பத்துக்கு உழைத்தவர் இறந்தால், அவரை நம்பியிருந்த மனைவி, பிள்ளைகள், வயோதிபப் பெற்றோர் ஆதரவு இழப்புக்கு நட்டஈடு கோரலாம். ஆனால் நீண்டகாலமாக எமது சட்டம் பணத்தின் இழப்பை மட்டுமே கணக்கிட்டது. அன்பின் இழப்புக்கு அதில் இடமிருக்கவில்லை. 2001இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரியானி சொய்சா எதிர் ரியென்சி ஆர்சகுலரத்ன வழக்கு இதனை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. குழந்தையை இழந்த பெற்றோருக்கு அக்குழந்தையின் அன்புக்கும் அரவணைப்புக்கும் நட்டஈடு பெறச் சட்டத்தில் வழியில்லை என்பது அதில் வெளிப்பட்டது. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமே, கவனயீனத்தினால் ஏற்படும் மரணத்துக்காக அன்பு, பராமரிப்பு, துணை ஆகியவற்றின் இழப்புக்கும் நட்டஈடு கோர வழிசெய்தது. உழைக்காத பிள்ளையை இழந்த தாய்க்கும், வீட்டைப் பார்த்துக்கொண்ட தாயை இழந்த பிள்ளைக்கும் இதில் உரிமை உண்டு.

கணவர் காணாமற்போன நிலையில் மகனையும் வீதியில் இழந்த தாய்மார், கணவரின் மரணச் சான்றிதழ் இல்லையே என்று தயங்கவேண்டாம். மகனின் ஆதரவை நம்பியிருந்த தாய் என்ற உரிமை உங்களுடையது. கணவரைப் பற்றிய அத்தாட்சி தேவைப்படும் இடத்தில், 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் காணக்கிடைக்காமைச் சான்றிதழைக் காட்டலாம்.

ஏனைய நாடுகளில்

பிரித்தானியாவில் காப்புறுதியற்ற வாகனங்களால் பாதிக்கப்படுவோருக்காகக் காப்புறுதிக் கம்பனிகள் ஒன்றுசேர்ந்து 1946இலேயே ஓர் அமைப்பை உருவாக்கின. கனடாவின் ஒன்ராறியோவில் ஒருவரின் சொந்தக் காப்புறுதியிலேயே இதற்கான பாதுகாப்பு அடங்கியிருக்கின்றது. எந்தக் காப்புறுதியும் பொருந்தாதவர்களுக்கு அரச நிதியமும் உண்டு. இந்தியாவில் மோதிவிட்டு ஓடிய வாகனத்தினால் மரணம் நேர்ந்தால் முன்னர் 25,000 இந்திய ரூபாவும் கடுங்காயத்துக்கு 12,500 ரூபாவும் வழங்கப்பட்டன. 2022 ஏப்ரல் 1 முதல் இவை முறையே 2 இலட்சமாகவும் 50,000 ஆகவும் உயர்த்தப்பட்டன. தமிழகத்தில் முகாம்களில் இருக்கும் உறவுகளுக்கும் இத்தகவலைச் சொல்லுங்கள்.

எங்கே உதவி பெறலாம்?

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசுகின்றது. கொழும்பில் புதுக்கடையிலும், ஏனைய மாவட்டங்களில் அநேகமாக நீதிமன்றங்களை அண்டியும் அதன் அலுவலகங்கள் உள்ளன. அடையாள அட்டை, வருமானச் சான்று, முறைப்பாட்டுப் பிரதி, வைத்தியப் பத்திரங்கள் என்பவற்றுடன் செல்லுங்கள். பொலிஸிடமிருந்தோ வேறு அரச அலுவலகத்திலிருந்தோ தகவல் கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்கலாம்.

சுருக்கமாக நினைவில் வைத்திருக்க வேண்டியவை:

- வாகன இலக்கத்தையும் காப்புறுதி அட்டையையும் குறித்துக்கொள்ளுங்கள்.
- சிறு காயமென்றாலும் பொலிஸில் பதியுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள்.
- ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லுங்கள்.
- வாசிக்கத் தெரியாத மொழியிலுள்ள எந்தக் கடதாசியிலும் கையொப்பமிடாதீர்கள்.
- செலவுக்கென்று யாராவது பணம் தந்தால், "வைத்தியச் செலவுக்காக மட்டும்" என்று எழுதிப் பெறுங்கள்.
- 2 வருட எல்லைத் திகதியைக் கலண்டரில் வட்டமிடுங்கள்.

மாதர் சங்கக் கூட்டங்களில் சீட்டு, கடன், சேமிப்பு என்பன பேசப்படுகின்றன. அடுத்த கூட்டத்தில் அரைமணி நேரத்தை இவ்விடயத்துக்கு ஒதுக்குங்கள். உங்கள் வீட்டிலேயே மகனோ மருமகனோ மோட்டார் சைக்கிள் வைத்திருந்தால் அதன் காப்புறுதி எப்போது முடிகின்றது என்று இன்றே பாருங்கள். நாளை அந்தச் சைக்கிளின் முன்னால் வீதியைக் கடக்கப்போவதும் எம்மைப் போன்ற ஒரு தாயாகவே இருக்கக்கூடும்.